விம்மல் என்ற சொல் பிறந்த மத்தியானம்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளில் ஒருவன் போன வாரம் ஒரு சயன்ஸ் புத்தகத்தை என் முன்னால் விரித்தான். "அண்ணாச்சி, நாம சொல்லுத வார்த்தை அச்சில வந்திருக்கு, பாருங்க!" என்று குதித்தான். பார்த்தேன். விம்மல். ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் பெருகுவதும் தணிவதுமாக அலையும், அது விம்மல் எனப்படும் என்று போட்டிருந்தது.

எனப்படும்! யாரால் எனப்படும்? புத்தகம் எழுதியவர் அதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். வேறு ஊரில் வேறு யாரேனும் முந்திச் சொல்லியிருக்கலாம் என்று படித்தவர்கள் வாதிக்கலாம். வாதிக்கட்டும். அந்தச் சொல் ஒரு சயன்ஸ் வாத்தியார் கையில் போய் விழுந்த இடத்தில் நான் நின்றிருந்தேன். கையில் சுரண்டியோடு நின்றிருந்தேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருநெல்வேலி டவுனில் செம்புக்கும் குடத்துக்கும் ஈயம் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு குடத்தை விரலால் சுண்டினால் கீறல் வாயிலா, அடியிலா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அந்தக் காதுக்காகத்தான் மேஸ்திரி என்னைத் தன் ஆர்மோனியப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டார். இன்றைக்குத் தாமிரபரணியின் இரண்டு கரையிலும் ஒழுங்காகப் பாடுகிற பெட்டி எதுவானாலும் அதன் வயிற்றுக்குள் என் கை போயிருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மேஸ்திரியின் பெயரை எழுதமாட்டேன். அவர் பெயரை யாரும் சொன்னதில்லை, மேஸ்திரி என்றால் மேஸ்திரிதான். வண்ணார்பேட்டையில் பட்டறை. நாடகக் கம்பெனிக்காரர்கள், பஜனை மடத்துக்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். இரண்டு தந்தியை மீட்டி நடுவில் ஒரு மயிரிழை விலகல் இருந்தாலும் அவருக்குப் பல் கூசும். உண்மையாகவே கூசும். கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். அப்படி ஒரு காது.

அந்தக் காதுதான் எங்களை மாட்டிவிட்டது.

ஜெர்மன் சண்டைக்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மிஷன்காரர்கள் புதிதாக வேதக்கோயில் கட்டியிருந்தார்கள். அதற்கென்று சீமையிலிருந்து வந்த ஒரு பெரிய பெட்டி. காலால் துருத்தி மிதிக்கிற வகை. கப்பலில் வந்த தூசியும் ஈரமும் ஏறி அது இருமிக்கொண்டு கிடந்தது. அப்போதெல்லாம் மிஷன் பெட்டி பழுதானால் ரயிலேற்றி மதராசுக்கு அனுப்புவதுதான் வழக்கம். இந்த ஒரு பெட்டியை மட்டும் நம்மூரில் கொடுத்துப் பார்க்கலாம் என்று மிஷன் துரையிடம் மன்றாடி வாங்கிக் கொடுத்தவர் ஒரு வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பெட்டி வாசிப்பவரும் அவரே. துரை ஒரே வார்த்தைதான் சொன்னாராம். இது நன்றாகப் பாடினால் இந்தப் பக்கத்துக் கோயில் பெட்டிகள் அத்தனையும் இனி மேஸ்திரியிடம். இல்லையென்றால் என்றைக்கும் மதராசுதான்.

தம்பிகளே, அந்த வார்த்தையின் கனம் உங்களுக்குத் தெரியவேண்டும். நாடகக் கம்பெனிகள் வருஷத்தில் சில மாதம் ஊரில் கொட்டகை போடும், பிறகு கிளம்பிவிடும். மற்ற நாளெல்லாம் பட்டறையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் கோயில் பெட்டிகள் வந்தால் பட்டறை நிற்கும். வராவிட்டால் நான் திரும்பவும் குடத்துக்கு ஈயம் பூசப் போகவேண்டும்.

மேஸ்திரி அந்தப் பெட்டியை என்னைத் தொடவிடவில்லை. தாமே பிரித்தார், தாமே துடைத்தார், தாமே சுருதி சேர்த்தார். பிறகு பத்தமடைப் பாயில் சுற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி, பிரதிஷ்டை அன்று காலையில் கோயிலில் கொண்டு இறக்கினோம். ஆராதனை சாயங்காலம் நாலு மணிக்கு. வாத்தியார் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். உட்கார்ந்து மிதித்தார், வாசித்தார். மணிமணியாக வந்தது! மேஸ்திரி மீசையைத் தடவினார். பிறகு வாத்தியார் ஒரு குமிழை இழுத்தார். இழுத்து, ஒரு சுரத்தை அமுக்கி, அப்படியே காது கொடுத்து இருந்தார். இன்னொரு சுரம். இன்னொன்று. அவர் முகத்தில் இருந்த களை இறங்கிவிட்டது.

"மேஸ்திரி அண்ணாச்சி, இதில ஒரு குரல் இருந்துச்சே. அது எங்க?"

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். பெட்டிக்குள் பாடுவது பித்தளை நாக்குகள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் மேல்பாதிக் கட்டைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாக்கு, முன்வரிசையில் ஒன்று, பின்வரிசையில் ஒன்று. அந்தக் குமிழை இழுத்தால் பின்வரிசையும் திறந்து இரண்டும் சேர்ந்து பாடும்.

மேஸ்திரி சந்தோஷமாகத்தான் பதில் சொன்னார். "அதைக் கேக்கீயளா சார்வாள்! பின்வரிசை பூராவும் சுருதி விலகிக் கிடந்துச்சு. எந்தக் கட்டையைத் தொட்டாலும் விம்முச்சு. தாயைக் காணாத பிள்ளை கணக்கா ஒரே விம்மல். எனக்குப் பல்லு கூசிப்போச்சு. ஒண்ணொண்ணா இழுத்துச் சேத்துட்டேன். இப்பம் ரெண்டுக்கும் நடுவுல காத்து நுழையாது."

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அது பழுதில்ல. செஞ்சவனே அப்படித்தான் வெச்சிருக்கான். வேணும்னே ஒரு வரிசையைத் துளி ஏத்தி வெச்சிருக்கான்."

"செஞ்சவன் செவிடனா?"

"இல்லண்ணாச்சி. அந்த அலைச்சலுக்காகத்தான் அந்தக் குமிழே இருக்கு. துரை முதல் பாட்டை இந்தக் குமிழ்லதான் கேக்கணும்னு சொல்லியிருக்காரு."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பாருங்கள், இந்தத் தவற்றை ஒரு அரைகுறை செய்யமாட்டான். அரைகுறைக்கு அந்த விலகலே காதில் விழுந்திருக்காது. தூசி தட்டி அனுப்பியிருப்பான், பெட்டியும் பிழைத்திருக்கும். சுருதி சுத்தத்திலேயே ஊறிய காது ஒன்றுதான் அந்தப் பெட்டியைக் கொல்ல முடியும்.

வாத்தியார் கோபப்படவில்லை. வாத்தியார் அல்லவா, பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்! சட்டைப் பையிலிருந்து இரண்டு இரும்புக் கவைகளை எடுத்தார். தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் கவைகள். ஒன்று பாடகர்களுக்குச் சுருதி கொடுக்க, மற்றது வகுப்புக்கு. இரண்டையும் தட்டி மரப்பலகையில் ஊன்றினார். கோடு போட்டதுபோல ஒரே ஒலி. பிறகு மெழுகுவத்தியிலிருந்து ஒரு கடுகளவு மெழுகைக் கிள்ளி ஒரு கவையின் நுனியில் ஒட்டி, மறுபடி தட்டினார். உவ்... உவ்... உவ்... என்று பலகையே மூச்சு விட்டது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். ஆனால் அதை ஒருவர் வேண்டுமென்றே செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு கவையும் ஒரு நொடிக்கு எத்தனை தடவை துடிக்குதோ, அந்தக் கணக்கில உள்ள வித்தியாசம்தான் இந்த அலைச்சல்" என்றார் வாத்தியார். "வித்தியாசம் கூடினா வேகமா வரும், குறைஞ்சா பைய வரும். இங்கிலீஷ்ல இதுக்கு பீட்டுன்னு சொல்லுவான். அடின்னு அர்த்தம். தாளம் அடிக்கதுக்கும் அதுதான், நெஞ்சு அடிக்கதுக்கும் அதுதான். தமிழ்ல சொல்ல ஒரு வார்த்தை இல்லாம வகுப்பில நான் திண்டாடுதேன்."

மேஸ்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே முனகினார். "அடியாவது மிதியாவது. இது எங்கன அடிக்குது? விம்முதுல்லா!"

வாத்தியார் கையில் இருந்த கவை அப்படியே நின்றுவிட்டது. "என்ன சொன்னீய?"

"விம்முதுன்னு சொன்னேன். காதுல விழலியா?"

"விம்மல்!" என்று கத்தியே விட்டார் வாத்தியார். வெளியே தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணாச்சி, பெருகுததுக்கும் விம்மல்தான், தேம்புததுக்கும் விம்மல்தான். பழைய பாட்டுகள்ல முழவு ஒலிக்கதையும் விம்முதுன்னுதான் சொல்லுவாங்க. இந்தச் சத்தம் மூணையும் செய்யுதே! பெருகுது, தேம்புது, ஒலிக்குது. நாளைக்கே பயலுகளுக்கு இதச் சொல்லிக்கொடுத்திருவேன்."

மேஸ்திரி நோய்க்குச் சொன்ன பெயர், வாத்தியார் கையில் சயன்ஸ் ஆயிற்று. இதுதான் அந்தச் சொல் பிறந்த கதை. ஆனால் சொல் கிடைத்து என்ன செய்ய? பெட்டி விம்மவில்லையே! வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"முன்வரிசை நாக்குகள்ல மெழுகு ஒட்டினா என்ன?" என்றார் வாத்தியார்.

"நாலு மணி வெயிலுக்கு உருகிப்போகும் சார்" என்றேன் நான். "முதல் பாட்டுல விம்மும், ரெண்டாம் பாட்டுல கக்கும்."

மேஸ்திரி எழுந்தார். "நான் சேத்த சுருதியை நானே கெடுக்கமாட்டேன். அப்படி ஒரு தொழிலு எனக்கு வேண்டாம்."

"அண்ணாச்சி, பெட்டிக போயிரும். பட்டறை போயிரும்" என்றேன்.

"போனா போகட்டும்லே. பொய்ச் சுருதி வெச்சுப் பொழைக்கதுக்கு வேற ஆளைப் பாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கேதான் தம்பிகளே, கவனிக்கவேண்டும். அந்த நேரத்தில் என் முன்னால் இரண்டு வழி இருந்தது. குரு சொன்னதே சரி என்று நானும் மரத்தடிக்குப் போகலாம். மரியாதைக்கு மரியாதை, வேலையும் இல்லை. அல்லது அவர் இழைத்து இழைத்துச் சேர்த்ததை அவர் கண் முன்னாலேயே கலைக்கலாம். நான் பையை அவிழ்த்துச் சுரண்டியை எடுத்தேன். அவருக்காகத்தான் எடுத்தேன். அவர் காதுக்கு எதிராக, அவர் பட்டறைக்காக.

ஆனால் கையை உடனே உள்ளே விடவில்லை. அவசரத்தில் முதலில் வேலை செய்யவேண்டியது மூளை. நாக்கின் அடியில் சுரண்டினால் சுருதி இறங்கும், நுனியில் சுரண்டினால் ஏறும். மேஸ்திரி பின்வரிசையை அடியில் சுரண்டி இறக்கியிருந்தார். நான் நுனியில் சுரண்டி ஏற்றவேண்டும். அடியும் மெலிந்து நுனியும் மெலிந்தால் நாக்கு ஒடிந்துபோகும். அத்தனை நாக்கையும் அப்படிச் செய்ய நேரமும் இல்லை, துணிச்சலும் இல்லை.

"சார், இன்னைக்கு எத்தனை பாட்டு?"

"நாலு."

"நாலையும் குமிழை இழுத்துக்கிட்டா வாசிப்பீய?"

"இல்ல. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும்தான்."

"அந்த ரெண்டையும் பைய வாசியுங்க. விரல் எங்கன எங்கன போகுதுன்னு நான் பாக்கணும்."

அவர் வாசிக்க வாசிக்க, விரல் பட்ட கட்டை ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பொட்டு வைத்தேன். வாசித்து முடித்தபோது பொட்டு விழுந்த கட்டைகள் கொஞ்சம்தான்! தெய்வத்தைத் துதிக்க இவ்வளவு சுரம் போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மற்ற நாக்குகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவனுக்குத்தானே முதலில் இலை போடவேண்டும்?

அடுத்த சிக்கல், எவ்வளவு விம்மவேண்டும் என்பது. கூடினால் கொட்டாங்கச்சி உருண்டதுபோல் இருக்கும், குறைந்தால் கேட்காது. வாத்தியாருக்குக் கணக்குத் தெரியும், ஆனால் செய்தவன் எந்தக் கணக்கில் வைத்தான் என்பது அவருக்கும் தெரியாது. பெட்டியின் பின்பலகையைக் கழற்றிக் கண்ணை உள்ளே விட்டேன். மேலே மூலையில் ஒரு நாக்கு மட்டும் கறுத்துக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த திருகு துருவேறி இறுகியிருந்ததால் மேஸ்திரி கழற்ற முடியாமல் விட்டிருக்கிறார். மற்றதெல்லாம் பளபளக்க, அது மட்டும் கப்பலில் வந்த கோலத்திலேயே இருந்தது. அந்தக் கட்டையை அமுக்கச் சொன்னேன்.

விம்மியது!

வாத்தியார் துள்ளி எழுந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, இதுதான், இதே குரல்தான்! இத வெச்சு மத்ததைச் சேத்திரலாம். கீழ வர வர நிதானமாகணும், அது ஞாபகம் இருக்கட்டும்."

பிறகு என்ன! அவர் மிதித்தார், நான் சுரண்டினேன். நாக்குக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகித் தாங்கிக்கொண்டு, நுனியில் ஒரு இழுப்பு. கேட்பது. இன்னொரு இழுப்பு. கேட்பது. பக்கத்து நாக்குகள் குறுக்கே பாடாமல் இருக்க, பெட்டியைச் சுற்றிவந்த பாயிலிருந்து கோரையைக் கீறி இடுக்கில் செருகினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. கோயில்குட்டியார், அதாவது கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவர், நடுவில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னவே, இன்னுமா முடியல? முதல் மணி அடிக்கப்போறேன்."

"அடியும். ஆனா பைய அடியும், எனக்குக் காது வேணும்."

"மணியை எங்கனவே பைய அடிக்கது? அது என்ன தவுலா?"

ஒவ்வொரு கட்டையாக உயிர் வந்தது. பொட்டுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசியில் ஒன்று மிச்சம். இரண்டு பாட்டிலும் அதிகமாக விரல் படுகிற நடுக்கட்டை. வாசலில் ஆட்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டுவிட்டது. ஒரு இழுப்பு இழுத்தேன், கொஞ்சம் கனமாக விழுந்துவிட்டது. அமுக்கிப் பார்த்தால் விம்மல் இல்லை, உதறல். காய்ச்சல்காரன் பல் கடிப்பதுபோல. வாத்தியார் மிதிப்பதை நிறுத்திவிட்டார். இனி அடியில் சுரண்டி இறக்கவேண்டும். ஏற்கனவே மெலிந்த அடி. சுரண்டியை அடிக்குக் கொண்டுபோனேன்.

"கூடிப்போச்சுலே."

ஜன்னலுக்கு வெளியேயிருந்து குரல். மேஸ்திரி! மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவர், அவ்வளவு நேரமும் ஒவ்வொரு இழுப்பையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மத்ததெல்லாம் ஒழுங்கா நடக்குது. இது மட்டும் ஓடுது. அங்கனயே நில்லு, கையை வெச்சுக் குட்டிச்சுவராக்காத." உள்ளே வந்தார். பக்கவாட்டுக் கதவு வழியாக, கூட்டத்துக்குக் குனிந்து வழிவிட்டபடி வந்தார். "குடு இங்க."

சுரண்டியைக் கொடுத்தேன். பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நாக்கின் அடியை இரண்டே தடவைதான் தொட்டார். தொட்டாரா, தடவினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மிதியுங்க சார்வாள்" என்றார்.

பக்கத்துக் கட்டைகளோடு அது ஒரே மூச்சாகச் சேர்ந்து விம்மியது.

தம்பிகளே, எனக்கு நிகர் யாருமில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவன். அந்த இரண்டு இழுப்பைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லமாட்டேன். தனக்குப் பிடிக்காத சத்தத்தைத் தன் கையாலேயே அளந்து கொடுக்க, பிடித்ததைச் சேர்ப்பதைவிடப் பெரிய காது வேண்டும்.

பின்பலகையை மாட்டினோம், கோரைத் துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டோம். துரை வந்தார், ஐயர்மார் என்கிற பாதிரிமார்கள் வந்தார்கள். வாத்தியார் குமிழை இழுத்து முதல் சுரத்தை அமுக்கியதும் கோயில் முழுக்க அந்தக் குரல் ஏறி இறங்கி ஏறி நிரம்பியது. முன்னால் நின்ற பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அத்தனை பேரும் பாட ஆரம்பித்தார்கள். அப்படிப் பாட்டு! ஆற்றுக்கு அந்தக் கரையில் வயலில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாம். ஆராதனை முடிந்ததும் துரை தாமே வந்து உட்கார்ந்து, குமிழை இழுத்துக் கட்டை கட்டையாக அமுக்கிப் பார்த்தார். பொட்டு வைக்காத கட்டைப் பக்கம் அவர் விரல் போகப்பார்த்ததும், வாத்தியார் குறுக்கே புகுந்து பேச்சுக் கொடுத்துத் திருப்பிவிட்டார். படிப்பு எதற்கு உதவும் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

மறுநாளே போய் மிச்ச நாக்குகளையும் முடித்துக் கொடுத்தோம். அதற்கப்புறம் மதராசுக்கு ஒரு பெட்டியும் ரயிலேறவில்லை.

முதலில் வந்தது வள்ளியூர்ப் பக்கத்துப் பெட்டி. அந்த ஊர்க் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஒருவர் வண்டியோடு வந்து இறங்கினார். நான் ஆவலாகத் திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்பலகைக்குப் போனேன். மேஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டார்.

"உக்காரும்வே, உபதேசியாரே. ஒரு பாட்டு வாசியும்."

"நானா? பழுதான பெட்டியிலயா? சுருதியே இல்லையே அண்ணாச்சி. அதுக்குத்தான கொண்டாந்திருக்கேன்!"

"இருக்கதை வெச்சு வாசியும். எது உமக்குப் பழுது, எது உமக்குப் பிரியம்னு உம்ம வாயால சொல்லும். அதுக்குப் பெறகுதான் இவன் திருகில கை வைப்பான்."

உபதேசியார் என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேஸ்திரி ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டு எத்தனை சரணமோ, அத்தனையையும் கேட்டார்.